நாலாம் மெழுகுதிரிக் கிழமை

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. ஒவனுக்குள் நத்தார் கேக் அரைவாசி வெந்திருந்தது. ஒரு றாத்தல் ரவை, ஒரு றாத்தல் பட்டர், இருபத்தைந்து முட்டையின் மஞ்சட்கரு. முந்திரிகை வற்றலும் பேரீச்சம்பழமும் இஞ்சிப்பாகும் பூசணி அல்வாவும் நவம்பரிலிருந்தே பிரண்டியில் ஊறிக் கிடந்தவை. இந்தக் கேக்கைக் கிண்டி முடிப்பதற்குள் வீட்டில் ஓர் ஆம்பிளையின் தோள்மூட்டு கழன்றுவிடும் என்பது யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் அனுபவம். அன்று கழன்றது என்னுடையது. குறைந்த சூட்டில் இரண்டரை மணித்தியாலம் வேகவேண்டும். பாதி நேரம்தான் போயிருக்கும். குசினி லைற் இரண்டு தரம் மின்னி மின்னி வந்தது. மூன்றாம் தரம் போனது, வரவில்லை.

"ஒவனைத் திறவாதேங்கோ தம்பி, சூடு போயிடும். கரண்ட் இப்ப வந்திடும்," என்றார் மாமி.

கரண்ட் வியாழக்கிழமை வந்தது.

2013 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு ரொறன்ரோவைப் பிடித்த பனிக்கட்டிப் புயலைப் பற்றித்தான் சொல்கிறேன். நகரின் மின்சபையான ரொறன்ரோ ஹைட்ரோவின் வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய 3 இலட்சம் பேருக்கு மின்சாரம் போனது. ஒரு வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் ஒரு வீடு. அப்படியானால் ஆட்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காபரோ மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. தமிழர் செறிந்து வாழும் இடமும் அதுதான்.

நத்தாருக்கு முந்திய கிழமை எங்களுக்குக் கல்யாண வீட்டுக்கு முந்திய கிழமை மாதிரி. பிரிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய தாளில் எல்லாம் எழுதியிருந்தது. வெள்ளி, பள்ளிக்கூடம் விடுகிறது. சனி, இறைச்சிக் கடை, கேக். ஞாயிறு, பூசை, பின்னேரம் கரோல். திங்கள், பாவசங்கீர்த்தனம். செவ்வாய் இரவு, பாலன் பிறப்புப் பூசை. புதன், வீட்டில் நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் முப்பது மணித்தியால வேலையை அடுக்குகிற கலையில் என் மனைவியை மிஞ்ச ஆள் இல்லை. அந்தத் தாளில் காலநிலைக்கு மட்டும் ஒரு கோடுகூட ஒதுக்கவில்லை.

ஸ்நோவுக்கு நாங்கள் பயப்படுவதில்லை. வந்த முதல் வருசம் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம், இரண்டாம் வருசம் திட்டுவோம், மூன்றாம் வருசம் சவளை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்குவோம். இது ஸ்நோ இல்லை. இதைப் 'பிறீசிங் றெயின்' என்பார்கள். தரையை ஒட்டிப் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த காற்று; அதற்கு மேலே சூடான காற்று ஓர் அடுக்காகப் படுத்திருக்கும். முகிலிலிருந்து ஸ்நோவாகப் புறப்படுவது நடுவில் உருகித் துளியாகிறது. கடைசிக் கொஞ்சத் தூரத்தில் திரும்ப உறைய அதற்கு நேரம் கிடையாது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே வந்து விழுந்து, எதைத் தொடுகிறதோ அதிலேயே கண்ணாடியாகப் பிடித்துக்கொள்கிறது. கொப்பு, கம்பி, கார்க் கதவு, வாசற்படி எல்லாவற்றிலும் அன்று இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கட்டி நின்றது. ஸ்நோவைத் தட்டிவிடலாம். இதைத் தட்டினால் கொப்புத்தான் கையோடு வரும்.

இரவு முழுக்க மேப்பிள் மரங்கள் முறிந்தன. முறிகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். முதலில் ஒரு வெடி, பிறகு ஒரு கூடை கண்ணாடிப் போத்தலைக் கொட்டியது மாதிரி. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும்போது வானத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு வெளிச்சம் அடித்து ஓயும். மாமி எழும்பி வந்து விறாந்தை இருட்டில் நின்றார். "சன்னலுக்குக் கிட்டப் பிள்ளையளை விடாதேங்கோ," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாத மிச்சம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை விடிந்தபோது ஊர் அழகாக இருந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு புல்லும் கண்ணாடிக் குழாய்க்குள் நின்றது. அன்று திருவருகைக் காலத்தின் நாலாவது ஞாயிறு. மகள் நாலாவது மெழுகுதிரியைக் கொளுத்துகிற முறை. அவள் ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள். கோயில் நடந்துபோகிற தூரம்தான். சப்பாத்துக்கு மேலே மேசு போட்டால் வழுக்காது என்று யாரோ சொல்ல, நாங்கள் நாலு பேரும் அப்படியே போட்டுக்கொண்டு, ஆளையாள் பிடித்து, பதினைந்து நிமிச வழியை முக்கால் மணித்தியாலத்தில் கடந்தோம். மாமி வீட்டில் நின்றுவிட்டார். கோயிலிலும் கரண்ட் இல்லை. அறுநூறு பேர் வருகிற பூசைக்கு ஐம்பது பேர். சுவாமி திருப்பலி உடுப்புக்குள் ஜக்கெற் போட்டிருந்தார். ஒவ்வொரு செபத்துக்கும் அவருடைய வாயிலிருந்து ஆவி போனது. மகள் கொளுத்தினாள். மூன்று ஊதா, ஒரு றோசா, நாலு சுடர். அந்தப் பெரிய இருட்டில் அது நல்ல வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

திரும்பி வந்தால் வீடு 14 பாகை. பின்னேரம் 12.

இங்கே நான் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ளவேண்டும். எனக்கு முதலில் பயமே வரவில்லை. சொல்லப்போனால் ஒரு பெருமிதம் இருந்தது. 1990 நடுவில், போருக்குள், யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் இல்லை. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் மெழுகுதிரிக்கும் தடை. நாங்கள் ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தவர்கள். சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்கள். க.பொ.த. உயர்தரம் எழுதியதே அந்த விளக்கில்தான். இரண்டு நாள் கரண்ட் இல்லையென்று வெள்ளைக்காரர் கலங்குவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் உள்ளுக்குள் சிரித்தார்கள். ரெலிபோனில் எடுத்த எல்லாருமே ஒரே பகிடியைத்தான் விட்டார்கள்: "உவங்களுக்கு ஜாம் போத்தில் விளக்கு செய்யக் காட்டிக் குடுப்பமோ?"

பகிடி திங்கட்கிழமையோடு நின்றது. ஊரில் கரண்ட் இல்லையென்றால் இருட்டு, அவ்வளவுதான். இங்கே கரண்ட் இல்லையென்றால் குளிர். எங்கள் வீட்டு ஹீற்றிங் காஸில்தான் ஓடுகிறது. காஸ் ஒரு நிமிசமும் நிற்கவில்லை. ஆனால் அந்த காஸைப் பற்றவைக்கிற பொறிக்கும், சூட்டை அறை அறையாகத் தள்ளுகிற காற்றாடிக்கும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற சின்னப் பலகைக்கும் கரண்ட் வேண்டும். பேஸ்மென்ரில் போய் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். செத்த மாட்டின் முதுகு மாதிரி இருந்தது. குழாய் நிறைய காஸ் இருக்க, வீடு உறைந்துகொண்டிருந்தது.

மாடிக் கட்டடங்களில் இருந்தவர்களின் பாடு இதைவிடப் பெரிது. லிஃப்ற் இல்லை. தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்பும் கரண்டில்தான் என்பதால் பல கட்டடங்களில் மேல்மாடிகளுக்குக் குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. பதினாலாம் மாடியிலிருந்த ஒரு அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி நாலு பெடியள் இறக்கினார்கள். இறக்கி முடிய அவர் கேட்டது: "என்ரை செபமாலை மேலை கிடக்கு, ஆர் போறியள்?"

திங்கள் பின்னேரம் நான் முன்வாசலில் ஐஸ் கொத்திக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் 9 பாகை. பிள்ளைகள் போர்வைக்குள். மாமி பேஸ்மென்ருக்கு இறங்கினது ஒருவருக்கும் தெரியாது. கோடையில் பாபகியூ போடுகிற கரி மூடை கராஜில் இருந்தது. அதில் இரண்டு கை அள்ளி, பழைய இரும்புச் சட்டியில் போட்டு, கராஜிலேயே மூட்டி, தணலாக்கி, பேஸ்மென்ர் அறைக்குள் வைத்திருக்கிறார். சூடு வீணாகப் போகக்கூடாது என்று கதவைச் சாத்தி, கதவடியில் துவாய் ஒன்றையும் அடைத்திருக்கிறார். அறை சுட்டதும் பேத்தியையும் பேரனையும் கீழே கூப்பிடுவதாக எண்ணம். அடுப்பு மூட்டுவதில் அறுபது வருச அனுபவம். புகையே இல்லாத நல்ல தணல்.

சுவரில் இருந்த அலாம் கத்தியது. நாலு சத்தம், ஓர் இடைவெளி. நாலு சத்தம், ஓர் இடைவெளி.

மாமி படியில் ஏறி வந்து சந்தோசமாகக் கூப்பிட்டார்: "பிள்ளை, உங்கை என்னவோ கத்துது. கரண்ட் வந்திட்டுதாக்கும்!"

நல்ல காலம், அது பற்றறி அலாம். நல்ல காலம், என் மனைவி தாதி. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் பிள்ளைகளைச் சப்பாத்துக்கூட இல்லாமல் வெளியே இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தீயணைப்புக்காரர் வந்து, ஒரு சின்னக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சட்டியை வெளியே கொண்டுவந்து ஐஸில் வைத்தார்கள். ஐஸ் சீறியது. மாமிக்குத் தலையிடி மட்டும். பத்து நிமிசத்துக்குள் வெளியே வந்ததால் தப்பினார். வந்தவர்கள் ஒரு சொல்லும் ஏசவில்லை. அன்று நாங்கள் முதல் வீடு இல்லை என்பது அவர்களுடைய முகத்தில் எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தேன்; நிறமில்லை, மணமில்லை என்று எழுதி மாக்ஸும் வாங்கினேன். இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கிற இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். புகை இல்லாத தணலில்தான் ஆள் ஏமாறுவது. கரி, காஸ் பாபகியூ எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று அந்தக் கிழமை முழுக்க றேடியோ தொண்டை கிழியக் கத்தியது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் கராஜில் ஓடிய ஜெனறேற்றரால் இரண்டு பேர் இறந்தே போனார்கள். ஒன்ராறியோ முழுவதும் வீடுகளில் இந்த அலாம் கட்டாயம் என்ற சட்டம் நிறைவேறி அப்போது ஒரு மாதம்தான். 2008 டிசெம்பரில் வூட்ஸ்ரொக்கில் புகைபோக்கி அடைபட்டு முழுக் குடும்பமாக இறந்த நாலு பேரின் பெயரால் வந்த சட்டம் அது. நடைமுறைக்கு வந்தது அடுத்த ஒக்ரோபரில். எங்கள் வீட்டு அலாமை முந்தி இருந்தவர்கள் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சும்மா கிடந்து கீச்சிடுகிறது என்று நான் இரண்டு தரம் கழற்ற நினைத்ததும் உண்டு.

அன்றிரவு மாமி அழவில்லை, கோபப்பட்டார். "பண்டத்தரிப்பிலை அஞ்சு வரியம் கரியிலை சமைச்சனான். ஒருத்தரும் சாகேல்லை!"

சாகாததற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு வீட்டின் அடுப்படியில் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. காகம் உள்ளே வந்து மீன் தூக்கிக்கொண்டு போகும். ஸ்காபரோ வீட்டில் எறும்பு நுழைய வழியில்லை. இரட்டைக் கண்ணாடி, சுவருக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேலே பிளாஸ்ரிக் தாள். சூட்டைச் சேமிக்கக் கட்டிய வீடு நஞ்சையும் அப்படியே சேமிக்கும். அங்கே உயிரைக் காத்த கைப்பழக்கம் இங்கே உயிரை எடுக்கப் பார்த்தது. இதை எப்படி அவருக்குச் சொல்வது? நான் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள், படம் கீறி.

செவ்வாய் விடிய நாங்கள் மோர்னிங்சைட் பக்கம், கரண்ட் இருந்த மச்சாள் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். அந்தக் கிழமையின் விசித்திரம் அது. ஒரே ரோட்டில் இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் பல்ப் மாலை. எந்தக் கம்பியில் தொங்குகிறீர்கள் என்பதுதான் விதி. மச்சாளின் ரவுண்ஹவுஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே மூன்று குடும்பம். மொத்தம் பத்தொன்பது பேர், ஒன்றரைக் குளியலறை.

மாமி அங்கேதான் உயிர்த்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே ஒரு இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. அதில் நடந்தவர் அவர். சாவகச்சேரியில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை ஆறு குடும்பத்தோடு பங்குபோட்டவர். வந்து அரை மணித்தியாலத்துக்குள் குளியலறைக்கு ஒழுங்கு எழுதியாயிற்று: முதலில் வேலைக்குப் போகிறவர்கள், பிறகு வயது போனவர்கள், பிள்ளைகள் கடைசி. ஆளுக்கொரு கோப்பை, பெயர் எழுதி. எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதில்லை, இரண்டு பந்தி. வீட்டுக்காரியைச் சமைக்க விடவே கூடாது, அவளுக்கு மனம் கசந்துவிடும். நாங்கள் நின்ற நாட்களில் அந்த வீட்டில் ஒரு சண்டை நடக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும்.

வெளியே நகரசபை வேறொரு நாடகத்தில் இருந்தது. அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை இல்லை என்று மேயர் ரொப் ஃபோர்ட் மறுத்துவிட்டார். நவம்பரில் நகரசபை அவருடைய அதிகாரங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கித் துணை மேயர் நோம் கெலியிடம் கொடுத்திருந்தது. அவசரநிலை வந்தால் பொறுப்பு கெலியினுடையது. அதனால்தான் என்றும் பேச்சு அடிபட்டது. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. கம்பியில் ஏறி நின்றவர்களைத்தான் நான் பார்த்தேன். ஒட்டாவா, வின்சர், மனிற்றோபா என்று எங்கெங்கோவெல்லாம் இருந்து குழுக்கள் வந்து நத்தார் இரவும் வேலை செய்தன.

ஏன் இவ்வளவு நாள் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பி மின்சபையினுடையது. அந்தக் கம்பியைத் தாங்கி வீட்டுச் சுவரில் நிற்கிற குழாய் வீட்டுக்காரனுடையது. கொப்பு விழுந்து குழாய் பிடுங்குண்டால், வீட்டுக்காரன் மின் வேலைக்காரனைப் பிடித்துத் திருத்தி, மின் பாதுகாப்பு அதிகாரசபை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இணைப்பு. நத்தார்க் கிழமையில் மின் வேலைக்காரனுக்கு எங்கே போவது? ரோட்டு முழுக்க லைற் வந்தும் ஒரு வீடு மட்டும் இருட்டாக நின்றதற்குக் கதை இதுதான். கடைசி வீடுகளுக்குப் புத்தாண்டை ஒட்டித்தான் வந்தது. கெட்டுப்போன சாப்பாட்டுக்கு மாகாண அரசு பலசரக்குக் கடை அட்டை கொடுத்தது. வரிசை நீண்டது, அட்டை முடிந்தது, திட்டு மிஞ்சியது.

மொன்றியலில் இருக்கிற சித்தப்பா மட்டும் அசையவில்லை. "இது ஒரு புயலோடா?" என்றார். 1998 ஜனவரிப் புயலில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் இரும்புக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன, சில ஊர்களுக்கு ஒரு மாதம் வரை கரண்ட் இல்லை, ஆமி இறங்கியது. அதைக் கண்டவருக்கு எங்கள் ஐந்து நாள் எடுபடாதுதான்.

செவ்வாய் மத்தியானம் கோயிலுக்குக் கரண்ட் வந்துவிட்டது. சுவாமி மண்டபத்தைத் திறந்துவிட்டார். இரவு பூசைக்கு வரவேண்டியவர்கள் மூன்று மணிக்கே போர்வையோடு வந்து இறங்கினார்கள். வெளியே மைனஸ் பத்துக்குக் கிட்ட. மண்டபத்தில் குழந்தைக்குப் பால் கரைக்கிறவர்கள், சீட்டு விளையாடுகிறவர்கள், கரோல் பழகுகிறவர்கள். நான் கண்ட காட்சிகளில் மறக்காதது பாலன் குடில். வைக்கோல், ஆடு, மாடு, மூன்று ராசாக்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேலே நட்சத்திரம் மட்டும் எரியவில்லை. குனிந்து பார்த்தால் நட்சத்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆரோ நீட்டுக் கம்பி ஒன்று செருகியிருந்தார்கள். வைக்கோலுக்குள் சூசையப்பரின் காலடியில் ஆறு ரெலிபோன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தன. சுவாமியும் குனிந்து பார்த்தார். "பூசை தொடங்கக்கை நட்சத்திரத்தைக் கொளுத்தி விடுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 'உன்னதங்களிலே' தொடங்கியபோது நட்சத்திரம் எரிந்தது. ஒரு ரெலிபோனும் அடித்தது.

புதன்கிழமைச் சாப்பாடு மச்சாள் வீட்டில். நாற்பது பேருக்கென்று சனிக்கிழமையே வாங்கிய இறைச்சியைப் பிரிஜ் நின்றதும் பின்வளவில் ஸ்நோவுக்குள் புதைத்து வைத்திருந்தோம். ஊரே பிரிஜ்ஜாக இருக்கும்போது பிரிஜ் எதற்கு? ரக்கூன் ஒரு பையை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்கும் நத்தார்தானே என்றார் மாமி. மிச்சத்தில் கறி வைத்து, பாணோடு எல்லாரும் தரையில் இருந்து சாப்பிட்டோம். கேக் இல்லாத நத்தார் என்று மகள் குறைப்பட்டாள். கேக் என்ற சொல்லைக் கேட்டும் எனக்கு மண்டையில் ஒன்றும் தட்டவில்லை.

வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அன்ரி அழைத்தார். எங்கள் ரோட்டுக்கு லைற் வந்துவிட்டதாம். சாமானையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் றேடியோ அந்தக் கிழமை நூறாவது தரமாகச் சொன்னது: வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அடுப்பு, ஒவன் திருகிகளை நிறுத்திவிட்டுப் போங்கள், கரண்ட் வந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கதவைத் திறந்தேன். வீடு கதகதவென்று இருந்தது. ஹீற்றிங் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குசினியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை ஒரு நூலாக வந்தது; ரவை, பட்டர், பிரண்டி எல்லாம் சேர்ந்து தீய்ந்த மணம். அலாம் கத்திக்கொண்டிருந்தது. மூன்று சத்தம், ஓர் இடைவெளி. மூன்று என்றால் புகை, நாலு என்றால் மற்றது என்று தீயணைப்புக்காரர் சொல்லித் தந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகள் தம்பியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"ஓடாதேங்கோ பிள்ளையள்," என்றார் மாமி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "இந்த முறை கரண்ட் வந்துதான் கத்துது."